ஜலஜா உட்கார்ந்த சாயங்காலம்

ஜலஜா ஓர் இடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அந்தக் கட்டடத்தில் யாரும் இல்லை. காப்பியை நின்றபடி குடிப்பாள். சாப்பிட உட்கார்ந்தால் மோர் சாதத்துக்கு வருவதற்குள் மூன்று தடவை எழுந்து போய்விடுவாள். பால்கனிக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டோமா, தண்ணீர்க் கிண்ணம் காலியா, பூனை அலமாரிக்குள் மாட்டிக்கொண்டதா என்று ஏதாவது ஒன்று அவளை எழுப்பிவிடும். அவள் கணவர் சிவராமகிருஷ்ணன் வங்கியில் முப்பத்தாறு வருஷம் உட்கார்ந்தே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "நம்ம ரெண்டு பேருக்குமா சேர்த்து நானே உட்கார்ந்துண்டு இருக்கேன்" என்பார்.

காளிகாட் மெட்ரோவிலிருந்து நடக்கிற தூரத்தில், சந்துக்குள் சந்தாகப் போய்ச் சேரும் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் அவர்கள் வீடு. ஜலஜாவின் குடும்பம் கொல்கத்தாவுக்கு வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவள் வங்காளம் பேசினால் வங்காளிகள் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அவ்வளவு சரியாக இருக்கும். ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து, அறுபது வயதில் வீட்டுக்கு வந்த கையோடு இந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். லீவுக்கு ஊருக்குப் போகிற தமிழ்க் குடும்பங்கள் நாயையோ பூனையையோ அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். காசு வாங்கமாட்டாள். திரும்பி வரும்போது காப்பிப் பொடி கொண்டு வந்தால் வேண்டாம் என்றும் சொல்லமாட்டாள்.

அவளுக்கு வருஷம் என்பது பயங்களின் வரிசை. வெயில் ஏறினால் தார் ரோட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். எண்ணி ஐந்து விநாடி கையை வைக்க முடியாவிட்டால் அன்றைக்கு நாய் வாக்கிங் கிடையாது. மழை இறங்குவதற்கு முன் எல்லாருக்கும் போன் போட்டு எலிக் காய்ச்சலுக்கு ஊசி போட்டாயிற்றா என்று கேட்பாள். சந்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும், எலி நீந்தும், அந்தத் தண்ணீரில் கால் வைத்த நாய் வீட்டுக்கு வந்து காலை நக்கும். பிறகு உண்ணி வரும். விரல் இடுக்கெல்லாம் துடைத்துத் துடைத்து அவள் வீட்டில் துண்டுக்கே பஞ்சம். விஸ்வகர்மா பூஜை அன்று ஊரே பட்டம் விடும்போது, மாஞ்சாக் கயிறு எந்த மொட்டைமாடியில் அறுந்து கிடக்கிறது என்று தேடிப் பிடித்துச் சுருட்டிக் குப்பையில் போடுவாள். துர்கா பூஜைக்கு ஐந்து நாளும் சந்து முனையில் மேளம். குளிர் வந்தால் புகை, கிழட்டு நாய்களுக்கு மூட்டு வலி, மொட்டைமாடியில் பிக்னிக் வைக்கிறவர்கள் வீசி எறிகிற கோழி எலும்பு. ஹோலி வந்தால் கலர்ப் பொடி. இத்தனையிலும் அவளுக்கு மிகவும் பயம், ஊரே வெடி வெடிக்கிற காளி பூஜை சாயங்காலம்தான்.

இவள் எப்போதுமே இப்படி இருந்தவள் இல்லை. ஒரு காலத்தில் அவளும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து காப்பி குடித்தவள்தான். அவர்களுக்கு புட்டு என்று ஒரு நாய் இருந்தது. ஒரு சித்திரை மாதம், மொட்டைமாடியில் வடகம் போட்டுவிட்டு, காக்கை வராமல் இருக்கட்டும் என்று புட்டுவை நிழலில் கட்டிவிட்டுக் கீழே வந்தாள். காப்பி போட்டாள். பக்கத்து வீட்டம்மாள் வந்தாள், பேச்சு வளர்ந்தது. நிழல் நகர்ந்துபோனது அவள் நினைவில் இல்லை. ஒரு மணி நேரம்தான். மேலே போனபோது புட்டு நாக்கைத் தொங்கவிட்டுப் படுத்திருந்தது. டாக்டர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், பிரயோஜனம் இல்லை. அந்த ஒரு மணி நேரத்தை ஜலஜாவால் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு உட்கார வரவில்லை. அவ்வளவுதான் விஷயம், இதில் மறைக்க ஒன்றுமில்லை.

அதனால் யார் எதைக் கொண்டு வந்து விட்டாலும் வாசலிலேயே நிறுத்திவைத்துக் கேள்வி கேட்பாள். என்ன சாப்பிட்டது, எப்போது சாப்பிட்டது, கடைசியாக எந்த மருந்து கொடுத்தீர்கள், எத்தனை மணிக்கு, எந்தச் சத்தத்துக்குப் பயம். பதில் வராமல் பை உள்ளே வராது. "ஆஸ்பத்திரில கூட இவ்வளவு கேக்கமாட்டா" என்று பலர் முணுமுணுத்திருக்கிறார்கள்.

அந்த வருஷம் தீபாவளியும் காளி பூஜையும் ஒரே தேதியில் வந்தன. நம் வீடுகளில் விடியற்காலை எண்ணெய்க் குளியல், ஊருக்கு அன்று சாயங்காலம் காளி. காலை ஒன்பது மணிக்குப் பட்டாபி வந்தார். துறைமுகத்தில் அதிகாரி. போன மார்ச்சில்தான் தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகி வந்தவர், கொல்கத்தாவில் இது அவருக்கு முதல் தீபாவளி. மனைவி லக்ஷ்மி பெண்ணின் பிரசவத்துக்காக ஊருக்குப் போயிருந்தாள். அவருக்குப் பத்து மணியிலிருந்து இரவு முழுக்க கிதர்பூரில் ட்யூட்டி. ஒரு கையில் லட்டு டப்பா, இன்னொரு கையில் குஞ்சலம்.

குஞ்சலம் வெள்ளை வெளேர் என்று ஒரு ஸ்பிட்ஸ் நாய். வாலைப் பார்த்தால் பெயருக்குக் காரணம் கேட்க வேண்டாம். வயது பதினொன்று, இதயம் வீங்கியிருக்கிறது. வெடிச் சத்தம் கேட்டால் நடுங்கி, மூச்சு இரைத்து, சுவரைப் பிராண்டும். போன வருஷம் தூத்துக்குடியில் மயங்கியே விழுந்துவிட்டது. அதற்காகத்தான் ஜலஜா பத்து நாள் முன்னாலேயே பட்டாபியை விரட்டி, கரியாஹாட்டில் இருக்கும் ரஞ்சன் டாக்டரிடம் அனுப்பியிருந்தாள்.

"கங்கா ஸ்நானம் ஆச்சா மாமி?" என்று சிரித்துக்கொண்டே வந்தார் பட்டாபி.

"ஆச்சு, ஆச்சு. உங்களுக்கு ஆச்சா? லக்ஷ்மி பேசினாளா? உள்ள வாங்கோ, மொதல்ல லேகியம் எடுத்துக்கோங்கோ."

தீபாவளிக் காலையில் வீட்டுக்கு வந்தவரை வாசலில் நிற்கவைத்துக் குறுக்கு விசாரணை செய்ய எந்த மாமிக்கும் மனசு வராது. லேகியம் கொடுத்தாள். பட்சணத் தட்டை நீட்டினாள். முறுக்கு மொறுமொறுவென்று வந்திருக்கிறது என்று அவர் சொன்னார், அரிசி மாவு இந்த ஊரில் சரியாகக் கிடைப்பதில்லை என்று இவள் சொன்னாள். ஐந்து நிமிஷத்தில் அவர் கிளம்ப வேண்டியிருந்தது. காகிதத்தில் மடித்து ஒரு மாத்திரையைக் கையில் கொடுத்தார். பட்டையிலிருந்து கத்தரியால் நறுக்கி எடுத்த ஒற்றை மாத்திரை.

"டாக்டர் சொன்ன மாத்திரை மாமி. வெடிக்கு ஒரு மணி நேரம் முன்னாடி. ஒரு நாளைக்கு ஒண்ணுக்கு மேல கூடாதாம், ஹார்ட் தாங்காதாம். நீங்க பார்த்துப்பேள்."

"நான் பாத்துக்கறேன். நீங்க நிம்மதியா போயிட்டு வாங்கோ" என்றாள் ஜலஜா.

ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் கேட்காமல் விட்டது அன்றைக்கு ஒரு நாள்தான்.

குஞ்சலம் வந்ததும் வராததுமாகச் சோபாவுக்கு அடியில் போய்ப் படுத்தது. பத்து மணிக்குத் தூக்கம். பதினொன்றுக்கும் தூக்கம். தண்ணீர் வைத்தாள், தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கீழே வைத்துக்கொண்டது. எழுந்து இரண்டடி வைத்தபோது பின்னங்கால் ஒரு பக்கம் சரிந்தது.

"ஏன்னா, இது சரியில்லையே. இப்படித் தூங்கறதே" என்றாள்.

"பதினோரு வயசு நாய், புது எடம், பண்டிகை நாள்ல விடியற்காலமே எழுப்பியிருப்பா. நான் கூடத்தான் தூக்கமா வரதுங்கறேன். என்னை யார் கவனிக்கறா?" என்றார் சிவராமகிருஷ்ணன் பேப்பருக்குப் பின்னால் இருந்து.

பன்னிரண்டு மணிக்குப் பட்டாபிக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. பன்னிரண்டே காலுக்குச் செய்தாள். ரஞ்சன் டாக்டருக்குச் செய்தாள். அவர் வீட்டிலேயே காளி பூஜை, அவரும் எடுக்கவில்லை. மறுபடி பட்டாபி. சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்தாள். குனிந்து மூச்சைப் பார்த்தாள். மறுபடி பட்டாபி. "பாவம், மனுஷர் கப்பலைப் பார்ப்பாரா, உன் போனைப் பார்ப்பாரா?" என்றார் கணவர். அவள் காதில் விழவில்லை. ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தி, திரையை இழுத்து, இடுக்கில் பழைய துணியைத் திணித்தாள். மறுபடி பட்டாபி.

நாலு மணிக்குச் சந்தில் எவனோ ஒருவன் அவசரக்காரன் முதல் வெடியைக் கொளுத்திப் போட்டான். குஞ்சலத்தின் காது துடித்தது.

ஜலஜா மணியைப் பார்த்தாள். பயம் பிடித்த பிறகு மருந்து கொடுத்தால் வேலை செய்யாது, முன்னாலேயே உள்ளே போயிருக்க வேண்டும். ஐந்து ஐந்தரைக்கு ஊர் முழுக்க ஆரம்பித்துவிடும். இன்னும் எவ்வளவு நேரம் காத்திருப்பது? அவளுக்குக் காத்திருக்கத் தெரியாது, கை சும்மா இருக்காது.

"டாக்டர் எழுதிக் குடுத்ததுதானே, குடுத்துடேன். சும்மா நடந்து நடந்து தரையைத் தேய்க்காதே" என்றார் சிவராமகிருஷ்ணன்.

நாலரைக்கு மாத்திரையைக் கரண்டியால் நசுக்கித் தயிர் சாதத்தில் பிசைந்தாள். குஞ்சலம் பிறந்ததிலிருந்து தயிர் சாதத்தில் வளர்ந்த நாய், கிண்ணத்தின் ஓசை கேட்டால் போதும் ஓடி வரும் என்று லக்ஷ்மி சொல்லியிருக்கிறாள். இன்று வரவில்லை. ஜலஜா சோபாவுக்கு அடியிலிருந்து அதை மெல்ல இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். மூக்கருகே உருண்டையைக் காட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டது. உதட்டில் தடவினாள். பல்லைத் திறக்கவில்லை. "சமத்தோல்லியோ, ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சினாள். அதற்கும் மசியவில்லை. சரி, வேறு வழியில்லை. தாடையைப் பிடித்து, விரலைக் கடைவாயில் கொடுத்து, வாயைத் திறந்தாள். எத்தனையோ நாய்க்கு இப்படி ஊட்டியிருக்கிறாள். நாக்கின் மேல் உருண்டையை வைக்கப்போகிற சமயத்தில் படுக்கையறையில் போன் அடித்தது.

வேறு யாராக இருந்தாலும் ஊட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். ஜலஜாவால் அடிக்கிற போனை அடிக்க விட முடியாது. உருண்டையைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு ஓடினாள்.

"மாமி, பட்டாபி பேசறேன். பதினோரு மிஸ்டு கால் இருக்கே, குஞ்சலத்துக்கு என்ன ஆச்சு?"

"கார்த்தாலேர்ந்து தூங்கிண்டே இருக்கா. ஒண்ணும் தொடலை. கால் தள்ளாடறது. எப்பவும் இப்படியா?"

"ஓ, அதுவா? அது மாத்திரையோட மயக்கம் மாமி."

"எந்த மாத்திரை? நான் இப்பத்தானே குடுக்கப் போறேன்."

மறுமுனையில் கப்பல் சங்கு ஒன்று நீளமாக ஊதி ஓய்ந்தது.

"நான் கார்த்தால மூணரைக்கே ஒண்ணு குடுத்துட்டேனே" என்றார் பட்டாபி. "எண்ணெய் தேச்சுக்கறதுக்கு முன்னாடி. நாலரைக்கெல்லாம் வெடி ஆரம்பிச்சுடுமேன்னு… உங்க கிட்ட குடுத்தது நாளைக்கு உண்டானது."

"கொல்கத்தால கார்த்தால நாலரைக்கு எவன் வெடி வெடிக்கறான்? இங்க எல்லாமே சாயங்காலம்தான்!"

"எனக்கும் ஆச்சரியமாத்தான் இருந்தது மாமி. ஒரு சத்தமும் கேக்கலை. சரி, மாத்திரை நன்னா வேலை செய்யறதுன்னு நெனச்சுண்டேன்."

"மாத்திரை சாப்பிட்டது நாய். உங்களுக்கு எப்படி ஐயா காது கேக்காம போகும்?" என்று கத்தினாள் ஜலஜா. போனைக் கட்டில்மேல் போட்டுவிட்டுக் கூடத்துக்கு ஓடி வந்தாள். கிண்ணத்தில் உருண்டை அப்படியே இருந்தது. குஞ்சலத்தின் வாயைத் திறந்து, நாக்கின் மேலும் கீழும் விரலால் துடைத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. கிண்ணத்தோடு சாதத்தைக் கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் கவிழ்த்து, மூடியை அழுத்தி மூடினாள். அழுகை வந்தது. அழ நேரமில்லை.

ஐந்து மணிக்கு ரஞ்சன் டாக்டரே கூப்பிட்டார். பின்னணியில் சங்கும் மணியும் கேட்டன. ஜலஜா காலை மாத்திரை விஷயத்தைச் சொன்னாள்.

"இன்னொரு மாத்திரை கண்டிப்பாகக் கூடாது மாஷிமா" என்றார் வங்காளத்தில். "கிழட்டு உடம்பு, காலை மருந்தே இப்போதுதான் இறங்க ஆரம்பித்திருக்கும். அது தெளியும் நேரமும் வெடி உச்சத்துக்குப் போகும் நேரமும் ஒன்றாக வரும். இருட்டான அறை, ஏதாவது ஒரே சீரான சத்தம், பக்கத்தில் ஆள். மூச்சை எண்ணிக்கொண்டே இருங்கள். நிமிஷத்துக்கு முப்பதுக்குள் இருந்தால் நல்லது. ஐம்பதைத் தாண்டினால், ஈறு நீலமானால், தூக்கிக்கொண்டு வாருங்கள்."

எதில் தூக்கிக்கொண்டு வருவது? ரோடு முழுக்கப் பந்தல். டாக்ஸி சந்து முனைக்கே வராது. ஜலஜா அதைச் சொல்லவில்லை, டாக்டருக்கும் தெரியும்.

ஐந்தே முக்காலுக்கு ஊர் வெடித்தது. சந்து, மொட்டைமாடி, அடுத்த தெரு, அதற்கும் அடுத்த தெரு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. மூடிய ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. குஞ்சலம் எழுந்தது. பாதி மயக்கம், பாதி பயம், கால் நிற்கவில்லை. சுவரோரமாகத் தள்ளாடிப் போய், திரும்பி, மறுபடி போய், கதவைப் பிராண்டியது. ஜலஜா அதன் பின்னாலேயே போனாள். அது ஓட இவள் ஓட, இவள் ஓட அது இன்னும் ஓட, இருவரில் யார் யாரைப் பயமுறுத்துகிறார்கள் என்று தெரியவில்லை. சிவராமகிருஷ்ணன் டிவியைச் சத்தமாக வைத்துப் பார்த்தார். செய்தியில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள், அதற்கு வெடியே தேவலை. குளியலறைக்குள் கொண்டுபோனாள், வழுக்கி விழுந்தது. பிடித்துவைத்து மூச்சை எண்ணினாள். நாற்பத்து நான்கு. மறுபடி எண்ணினாள். நாற்பத்தெட்டு.

"ஜலஜா, அத விடு. அது எங்க போகணும்கறதோ போகட்டும்" என்றார் சிவராமகிருஷ்ணன். குரலில் கேலி இல்லை.

விட்டாள். குஞ்சலம் கூடத்தைக் கடந்து, சமையலறைக்குள் புகுந்து, மூலையில் கிரைண்டர் வைத்திருந்த ஸ்டூலுக்கும் சுவருக்கும் நடுவில் உடம்பைத் திணித்துக்கொண்டது. ஸ்டூல் காலோடு முதுகை ஒட்டிக்கொண்டு நடுங்கியது.

ஜலஜாவுக்கு உடனே புரிந்தது. தமிழ் வீட்டில் வளர்ந்த நாய், வாரத்துக்கு இரண்டு நாள் மாவு அரைக்கிற வீடு. மறுநாள் இட்லிக்கென்று அரிசியும் உளுந்தும் ஊறிக்கொண்டிருந்தன. அரிசியை அள்ளிக் கிரைண்டரில் போட்டுச் சுவிட்சைத் தட்டினாள். கல் உருள ஆரம்பித்தது. கடகடவென்று தொடங்கி, சற்று நேரத்தில் ஒரே சீரான இரைச்சலாக அடங்கியது. தரை லேசாக அதிர்ந்தது. அந்த அதிர்வில் வெளிச் சத்தம் மழுங்கியது. முழுக்க மறையவில்லை, ஆனால் மழுங்கியது. குஞ்சலம் தலையை முன்னங்காலில் வைத்தது.

ஜலஜா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து விலா எலும்பின்மேல் கையை வைத்தாள். நாற்பத்தாறு. தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துவைக்க எழுந்தாள், அதுவும் எழுந்தது. உட்கார்ந்தாள், அதுவும் படுத்தது. அடுப்பை அணைத்தோமா என்று பார்க்க எழுந்தாள், நடுங்கிக்கொண்டு அதுவும் எழுந்தது. அதற்குப் பிறகு அவள் எழவில்லை.

ஆறு மணியிலிருந்து ஒன்பதரை வரை. இந்த மூன்றரை மணி நேரத்தை அவள் எப்படிக் கழித்தாள் என்று கேட்டால் இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. கால் மரத்தது. முதுகு கழன்று விழுவதுபோல் வலித்தது. வாசல் கதவு பூட்டியிருக்கிறதா, சாமி விளக்கு எரிகிறதா, பால் திரிந்துவிட்டதா என்று மனசு வீடு முழுக்க ஓடியது, உடம்பு மட்டும் அங்கே இருந்தது. வேண்டியதெல்லாம் சிவராமகிருஷ்ணன் செய்தார். அரிசி அரைந்ததும் வழித்தெடுத்தார், உளுந்தைப் போட்டார், அது முடிந்ததும் டப்பாவிலிருந்து ஊறாத அரிசியையே கொட்டித் தண்ணீர் ஊற்றினார். மோட்டார் சூடேறிக் கிரைண்டரை நிறுத்த வேண்டிய பத்துப் பத்து நிமிஷங்களில், பேப்பரை எடுத்துப் பங்குச் சந்தை விலைகளைப் படித்துக் காட்டினார். அவர் குரலில் ஏற்ற இறக்கம் எந்த நாளும் இருந்ததில்லை. குஞ்சலம் அதையும் ஏற்றுக்கொண்டது. கையின் கீழே மூச்சு நாற்பது, முப்பத்தாறு, ஒரு பெரிய வெடிக்குப் பிறகு மறுபடி நாற்பத்தைந்து, பிறகு முப்பத்து மூன்று. ஒன்பது மணிக்கு இருபத்தெட்டு. வெடி ஓய்ந்தபோது இருபத்தாறு. அவள் கணவர் கைகொடுத்துத் தூக்கித்தான் அவளை நிறுத்த வேண்டியிருந்தது.

பட்டாபி மறுநாள் காலை ஏழு மணிக்கு, யூனிஃபார்ம்கூட மாற்றாமல், நேரே வந்தார். இரவெல்லாம் போன் செய்து விசாரித்துக்கொண்டே இருந்தவர். குஞ்சலம் வாலை ஆட்டிக்கொண்டு போய் அவர் ஷூவை முகர்ந்தது. அவர் கண் கலங்கிவிட்டது.

"என் தப்புதான் மாமி. ஊர் பழக்கத்துல மடத்தனம் பண்ணிட்டேன். நீங்க இல்லேன்னா இவ போயிருப்பா. உங்களாலதான் பொழைச்சா."

ஜலஜா அவருக்காக ஒரு பெரிய திட்டு தயாராக வைத்திருந்தாள். விடிய விடிய வார்த்தை வார்த்தையாகச் சேர்த்தது. சிவராமகிருஷ்ணனும் பேப்பரைத் தாழ்த்திக்கொண்டு அதற்காகத்தான் காத்திருந்தார். அவளுக்கு அது வாயில் வரவில்லை.

"என்னால பொழைக்கலை" என்றாள். "நான் மாத்திரையை நசுக்கி சாதத்துல கலந்துட்டேன். அவ சாப்பிடமாட்டேன்னா. வாயைத் திறந்து ஊட்டப் போனேன். அப்ப உங்க போன் வந்தது. ஒரு நிமிஷம் கழிச்சு வந்திருந்தா உள்ள போயிருக்கும்."

பட்டாபி குனிந்து குஞ்சலத்தின் தலையைத் தடவினார்.

"நேத்து காலம்பற நீங்க எடுத்துண்டு வந்தப்போ எத்தனை மணிக்கு என்ன குடுத்தேள்னு நான் கேட்டிருக்கணும். எல்லார் கிட்டயும் கேப்பேன். பண்டிகை நாளும் அதுவுமா வாசல்ல நிக்கவெச்சுக் கேக்கறதாவதுன்னு, முறுக்கு எப்படின்னு கேட்டேன்."

"நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது மாமி."

"தெரிஞ்சிருக்காது" என்றாள் ஜலஜா. அவர் நாயைக் கூட்டிக்கொண்டு போகப்போகிறார், இனிமேல் வரமாட்டார், நாலு பேரிடம் சொல்லவும் சொல்வார். சொல்லட்டும். பெல்ட்டையும் கிண்ணத்தையும் பையில் போட்டு அவரிடம் நீட்டினாள்.

பட்டாபி பையை வாங்கவில்லை. ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்து, குஞ்சலத்தின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அதன் விலாவில் கை வைத்து, வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே, உதடு அசைய எண்ணினார்.

"இருபத்தஞ்சு" என்றார்.

"இப்ப நன்னா இருக்கா" என்றாள் ஜலஜா.

"இன்னிக்கு சாயங்காலமும் வெடிப்பாளா மாமி?"

"இன்னிக்கு, நாளைக்கு, காளியைக் கரைக்கற வரைக்கும்."

"எனக்கு இன்னிக்கும் நைட் ட்யூட்டி. டாக்டர் கிட்ட போய் வேற மாத்திரை வாங்கிண்டு வந்து குடுத்துட்டுப் போறேன்." கொஞ்சம் தயங்கினார். "இவ இங்கயே இருக்கட்டுமா?"

ஜலஜா பதில் சொல்வதற்கு முன் சிவராமகிருஷ்ணன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "காப்பி கொண்டு வரேன்" என்று எழுந்து உள்ளே போனார். பண்டிகைக்கு மறுநாள் காலையில் வந்த மனிதருக்கு ஒரு வாய் காப்பிகூட இன்னும் கொடுக்கவில்லை. ஜலஜா அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. பட்டாபியின் எதிரே தரையில் மெதுவாக, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்தாள்.

"காப்பி அப்புறம்" என்றாள். "மொதல்ல சொல்லுங்கோ. நேத்து கார்த்தால சரியா எத்தனை மணிக்குக் குடுத்தேள்?"